பழைய கார் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்: உப்புத் தண்ணி முதல் எஃப்.சி. வரை

எங்கள் வீட்டில் 2004 மாடல் மாருதி 800 ஒன்று இன்னும் தினசரி ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கம் பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. வண்டியின் சொந்தக்காரர் தானே பார்க்க வேண்டியது எது, மெக்கானிக்கிடம் விட வேண்டியது எது என்பதைத்தான் இதில் சொல்ல முடியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர், ரப்பர், ஒயர் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூன்றுமே விலை குறைந்தவை. கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் கெடுதல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணி ஊத்தலாமுங்களா? எங்க அப்பா காலத்துல அதைத்தானே ஊத்துனாங்க?

ஊற்றக் கூடாது. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த அந்த உப்பு சூடானதும் பிரிந்து படியும். வீட்டில் வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடைப் பாருங்கள், சில மாதத்திலேயே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பல வருடம் போர்த் தண்ணியே குடித்த ரேடியேட்டரைப் பிரித்தால் பாதிக் குழாய்களில் வெளிச்சமே தெரியாது. துருவும் சுண்ணாம்பும் சேர்ந்த செம்மண் நிறச் சேறு கையில் வரும்.

அப்பா காலத்து அம்பாசிடரில் இருந்தது இரும்பு என்ஜினும் பித்தளை ரேடியேட்டரும். அடைத்தால் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள். இப்போதைய கார்களில் என்ஜினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம், அதன் மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. இதைக் குத்திச் சரி செய்வதைவிடப் புதிது மாற்றுவதே மேல்.

சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று கோவைக்காரர்கள் கேட்பார்கள். குடிக்க அதைப் போல வராது. ஆனாலும் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் எதுவானாலும் போதாது, ஏனென்றால் துருவைத் தடுக்கும் மருந்து தண்ணீரில் கிடையாது. ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலண்ட் என்ற திரவத்தில்தான் அது இருக்கிறது. கலந்தே வரும் கூலண்ட் வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதை வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில், டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகை வருகிறது. வண்டியின் மேனுவலில் எந்த வகை என்று இருக்கும்.

போகிற வழியில் தண்ணீர் இறங்கிவிட்டது, கையில் குடிதண்ணீர் பாட்டில்தான் இருக்கிறது என்றால் அதை ஊற்றி வீடு வந்து சேருங்கள், தப்பில்லை. வந்ததும் முழுக்க வடித்துவிட்டுக் கூலண்ட் மாற்றுங்கள். அதோடு ஏன் இறங்கியது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

கீழே ஓட்டும்போது ஒண்ணுமில்லீங்க. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினாத்தான் ஹீட் ஆகுது. என்னவா இருக்கும்?

எப்போது ஹீட் ஆகிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

சிக்னலிலும் நெரிசலிலும் ஹீட் ஆகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் பேன் சுற்றவில்லை என்று வையுங்கள். பியூஸ், ரிலே, பேன் மோட்டார், அதை ஓட வைக்கும் சென்சார், இந்த வரிசையில் பாருங்கள். ஏசி போட்டதும் அதே பேன் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, குறை வேறு இடத்தில்.

நெரிசலில் சரியாக இருந்து, மலையிலோ பைபாஸில் வேகமாகப் போகும்போதோ மட்டும் ஏறினால், உண்டாகிற சூட்டை ரேடியேட்டரால் இறக்க முடியவில்லை. உள்ளே அடைப்பு இருக்கலாம், வெளியே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம், கூலண்ட் குறைந்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணி மாதிரி இருந்தால் சூடானதும் தண்ணீருக்கு வழி விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது.

காலையில் எடுத்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல் போல இறுகி, ரிசர்வ் டப்பாவில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கூலண்ட் எங்கும் ஒழுகாமலே குறைவது, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி ஆயில், இவையும் அதன் அடையாளங்கள். வால்பாறை, ஊட்டிப் பக்கம் தினமும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாகப் பால் படிந்தால் அது குளிரில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதீர்கள். அது வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டையே மேலே தள்ளுகிற ஸ்பிரிங் வால்வு அதில் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெறும் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், சமவெளியில் தாங்கிய வண்டி மலையில் தாங்காததற்கு அதுவே போதும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, சுற்றிலும் வெள்ளைப் பொருக்கோ இருந்தால் அதே அழுத்த எண் போட்ட புது மூடி வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டால் ஹீட் ஆகாது என்று நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. என்ஜின் எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும், உண்மையான குறையும் மறைந்துகொள்ளும். புது தெர்மோஸ்டாட்டின் விலை இந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வழியில கொதிச்சுட்டா என்ன பண்றதுங்க?

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் பேனை வேகமாக ஓட விடுங்கள். கார் உள்ளே வேகும், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும், சில சமயம் வெடிக்கும்.

ஒரு தடவை நன்றாகக் கொதித்த வண்டியின் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் புது கேஸ்கட் போட விடாதீர்கள். மீண்டும் அதே இடத்தில் போகும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் வண்டி, கரூரில் பஸ் பாடி, கோவையில் பம்ப்பும் மோட்டாரும் என்று இந்த ஊர்களெல்லாம் இயந்திரத்தோடு வளர்ந்தவை. நல்ல லேத் வேலைக்கு நாம் ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை.

காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பேட்டரி மாத்திரட்டுங்களா?

பொறுங்கள். முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

கடகடவென்று வேகமாகத் தட்டினால் மின்சாரம் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து நின்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் சோலினாய்டு. மோட்டார் மட்டும் உய்ங் என்று சுற்றி என்ஜின் சுற்றாவிட்டால் செல்ஃபின் பினியன், அதாவது என்ஜினைச் சுற்றிவிடும் சிறு பல்சக்கரம். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பேட்டரி மேல் குற்றமில்லை, பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை.

மின்சாரம் போதவில்லை என்றால் பேட்டரியைப் பழிப்பதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் பாருங்கள். துருப் பிடித்த எர்த் ஒயரைப் பார்க்காமல் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். பழைய கார் வைத்திருப்பவருக்கு அதைவிட உபயோகமான சாமான் கிடையாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது. அது 12-லேயே நின்றால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் வீண்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். செல்ஃப் மோட்டார், டைனமோ இரண்டும் கெட்டால் உடனே புதிது வாங்காதீர்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) போனால் கட்டிக் கொடுக்க கோவையில் ஆள் உண்டு. இந்தியாவில் முதல் மின் மோட்டாரை 1937-ல் செய்த ஜி.டி.நாயுடுவின் ஊர் அது. அவர் பெயரில் அவிநாசி ரோட்டில் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பழைய கார்களை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதை நேரில் பார்க்கலாம்.

டைமிங் பெல்ட் மாத்தணும்ங்கறாங்க. வண்டி நல்லாத்தானே ஓடுது?

என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட் இது. அறுகிற நிமிடம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடும். மாருதி 800, பழைய ஜென், பழைய சான்ட்ரோ எல்லாம் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் என்ஜின்களும் ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் என்ஜினும் செயின். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், செலவு பல மடங்காகும். எத்தனை கிலோமீட்டர் என்று மேனுவலில் இருக்கும். குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. செகண்ட்ஸில் வாங்கிய வண்டி, எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றால், கேள்வியே வேண்டாம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கொல்லிமலைக்குப் பழைய வண்டியில போலாமுங்களா? பிரேக் பயமா இருக்கு.

போகலாம். ஆனால் பிரேக் ஆயிலைப் பார்க்காமல் போகக் கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40, திம்பத்தில் 27, ஏற்காட்டில் 20. ஏறும்போது என்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 (DOT 3) வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். விடாமல் பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வரும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. டப்பாவில் ஆயில் கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், காலை அதன் மேலேயே வைத்திருக்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைத்துவிட்டு உருள விடுவதும் உயிரோடு விளையாடுவது. என்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதியில் பெடல் கட்டையாகிவிடும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

டயர் எவ்வளவு பழையது என்பதையும் போவதற்கு முன் பாருங்கள். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டி வெடிப்பு விட்ட டயரில் மலை ஏறாதீர்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதுதான் எப்போதும் மறந்து போகும்.

முன்னாடி டொக் டொக்னு சத்தம் வருதுங்க.

மேடு பள்ளத்தில் வந்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது கடக் கடக் என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே அடித்திருக்கும். வேகம் கூடக் கூட ரீங்காரம் கூடினால் வீல் பேரிங். பால் ஜாயின்ட்டையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும், வீல் பேரிங்கையும் தள்ளிப்போடாதீர்கள்.

எலித் தொல்லை தாங்கலீங்க. ஒயரெல்லாம் கடிச்சு வெச்சிருது.

தோட்டத்துச் சாளையில் கார் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. கடலைக்காய் மூட்டையும் மாட்டுத் தீவனமும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலி வரத்தான் செய்யும். முதலில் இடத்தை மாற்றுங்கள். ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்தால், இருட்டும் கதகதப்பும் இல்லாததால் எலி தங்குவது குறையும். புகையிலை கட்டி வைப்பது வாசம் இருக்கும் வரைதான். ஏசிக்குக் காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை அடியுங்கள். விஷம் மட்டும் வைக்காதீர்கள், எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடையையும் அப்படியே பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் சருகும் பூவும் அங்கே மட்கி, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிடும். மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி கார்ப்பெட் நனையும், தரைத் தகடு துருப்பிடிக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்ப வர்ற பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பயந்து வண்டியை விற்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஹோஸ்களைப் புதிதாக மாற்றுங்கள், பில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், டேங்கில் பெட்ரோலை மாதக் கணக்கில் கிடப்பில் போடாதீர்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே பாருங்கள்.

15 வருஷம் ஆயிட்டா வண்டியை உடைச்சே ஆகணுமுங்களா?

இல்லை. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற பேச்சு டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சோதனை) காட்டி, ஆர்.சி.யை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் படிவம் 25. ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். மத்திய விதிப்படி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவதற்கு முந்தின நாள் எல்லா லைட்டும், ஹாரனும், கைப்பிரேக்கும் பாருங்கள். சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தைத் தேடி, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பென்சில் அச்சு எடுத்தால் எல்லா எழுத்தும் விழ வேண்டும். உப்புத் தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்து அழிந்தால் பெரிய தொல்லை.

பழைய ஸ்பேர் வாங்கலாமுங்களா?

கதவுக் கண்ணாடி, கைப்பிடி, லைட், மீட்டர் போர்டு இதெல்லாம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தாராளமாகத் தேடலாம். பிரேக், ஸ்டியரிங், பெல்ட், டயர் சம்பந்தப்பட்ட எதையும் பழசில் வாங்க வேண்டாம்.

எப்ப வண்டியை விட்டுரணும்?

செலவு மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. ஒரு வருடச் செலவைப் புது வண்டியின் மாதத் தவணையோடு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பழைய வண்டி ஜெயிக்கும். ஆனால் அடித்தகடும் சஸ்பென்ஷன் மாட்டும் இடமும் துருவால் இற்றுப் போயிருந்தால், பற்றவைத்து ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. விபத்தில் வண்டி நம்மைக் காக்க வேண்டிய இடம் அது. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே சமயத்தில் வேலை கேட்டாலும் யோசியுங்கள். பின் சீட்டில் தினமும் குழந்தைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் போகிறவர்கள், பழைய வண்டிகள் பலவற்றில் ஏர்பேக் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் வெளிநாடு போறான். அப்புச்சியோட கார், விக்க மனசில்லை. ஆறு மாசம் சும்மா நிக்கும். என்ன பண்ணி வெக்கறது?

கழுவிக் காய வைத்து, கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். டயரில் ரெண்டு மூன்று புள்ளி காற்று கூட வையுங்கள். கைப்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்து, முதல் கியரில் விடுங்கள், கைப்பிரேக் போட்டு வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாதம் ஒரு முறை சார்ஜ் போட ஆள் இருந்தால் இன்னும் நல்லது. யாராவது ஓட்டத் தெரிந்தவர் இருந்தால், வாரம் ஒரு முறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விடுவதைவிட, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகப் போகும்.

திரும்ப எடுக்கும் நாளில் பானெட்டைத் திறந்து எலிக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு, டயர் காற்று, அப்புறம்தான் சாவி. கேட்டைத் தாண்டுவதற்கு முன் வாசலிலேயே நான்கைந்து தடவை பிரேக்கை மிதித்து, வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ரோட்டுக்கு இறக்குங்கள்.